நாற்பத்தொன்பது வயதுக்கு மேலே

எங்கள் பரவையில் காய்கறி மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே உயிர் வந்துவிடும். திண்டுக்கல் ரஸ்தாவில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தக்காளியைக் கொட்டி, நசுங்கியதைத் தனியே, நல்லதைத் தனியே பொறுக்கிப் போடுகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அப்படிப் பொறுக்கிப் போடுகிறவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்தாள். அவள் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் பரவைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, நான்கு பெற்று மூன்றை வளர்த்தவள் என்பது மட்டும் போதும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பிற்பகல், கையில் சின்னக் கம்ப்யூட்டருடன் ஒரு பெண் அந்தச் சந்தில் வீடு வீடாக வந்தாள். ஏதோ ஓர் ஆரோக்கியக் கணக்கெடுப்பு. எந்த ஸ்தாபனத்துக்காக என்று நான் விசாரிக்கவில்லை. என் திண்ணையிலிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது.

"உங்க வயசு என்னம்மா?"

"எனக்கு ஐம்பத்திரெண்டு இருக்கும்."

"அப்ப உங்களுக்குக் கேள்வி இல்லம்மா. மருமகளைக் கூப்பிடுங்க."

"ஏந் தாயி, என்னைய எழுத மாட்டீகளா?"

"நாப்பத்தொம்பது வரைக்குந்தாம்மா."

மருமகள் வந்து உட்கார்ந்தாள். அரை மணிக்கு மேல் கேள்வி நடந்தது. எத்தனை பிள்ளை, எங்கே பிரசவம், கடைசி மாதவிலக்கு எப்போது, இன்னும் பிள்ளை வேண்டுமா, ஆபரேஷன் ஆயிற்றா. மாமியார் சற்று நேரம் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நான்கு மாதமாக மறுபடியும் ரத்தம் படுகிறது; அதற்கும் முன்னாலிருந்தே வெள்ளைப் படுகிறது. சூடு என்று எண்ணி வெந்தயம் ஊற வைத்துத் தின்றிருக்கிறாள். "அந்தப் பிள்ளை கேட்டுச்சுன்னா சொல்லிப்புடலாம்னு நெனச்சேன்க்கா. கேக்கவே இல்ல" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

பரவை என்றால் தமிழ்நாட்டுக்கு ஞாபகம் வருவது 2020-ல் காலமான முனியம்மாளின் கணீரென்ற குரல். அந்த ஊரில்தான் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிய ஒரு வாக்கியத்தை நான்கு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். கேள்வி கேட்கவென்றே சம்பளம் கொடுத்து அனுப்பப்பட்ட பெண் வாசல்வரை வந்தும் அந்த வாக்கியம் வெளியே வரவில்லை.

அந்தக் கணக்கெடுக்க வந்த பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் அலைகிற பிழைப்பு அவளுடையது. அவள் கையில் அந்தக் கருவியைக் கொடுத்து, 'நாற்பத்தொன்பதோடு நிறுத்து' என்று சொல்லி அனுப்பினார்களே, அந்தப் படித்தவர்களோடுதான் எனக்கு வழக்கு.

நாற்பத்தொன்பது என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. 1972-ல் உலகம் முழுவதற்குமாக ஒரு பெரிய கணக்கெடுப்பு ஆரம்பித்தார்கள். ஏழை நாட்டு ஸ்திரீகள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள், அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் அதன் கவலை. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வரை பிள்ளை பெறும் வயது; அந்த வயதுப் பெண்ணைக் கேட்டால் போதும் என்று முடிவாயிற்று. அதற்குப் பின்னால் வந்த கணக்கெடுப்புகளெல்லாம் ஏறக்குறைய அதே அச்சில் வார்த்தவை. நம் நாட்டில் 1992-93-ல் தொடங்கிய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் அந்த வம்சம்தான். 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் 7,24,115 பெண்களைப் பேட்டி கண்டார்கள்; ஆண்கள் 1,01,839 பேர். பெண்ணுக்கு நாற்பத்தொன்பதோடு கதவை அடைத்தவர்கள் ஆணுக்கு ஐம்பத்துநான்குவரை திறந்து வைத்திருக்கிறார்கள். அவன் அதுவரை பிள்ளை கொடுக்கக் கூடியவன் அல்லவா!

அந்தக் கணக்கெடுப்பால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சில எண்களையே அதிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். ஆனால் பிள்ளை பெறும் வயது என்ற சல்லடையை வைத்துக்கொண்டு பெண்ணின் ஆரோக்கியத்தைச் சலித்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மாதிரி நடுவயதைத் தாண்டியும் உயிரை வாங்குகிற வியாதிகள் ஓட்டை வழியாக ஓடிப்போகும். ஓடிப்போயின.

பொது சுகாதார சாஸ்திரம், உலகம் பூராவிலும் நெடுங்காலமாக, இரண்டே இரண்டு பெண்களைத்தான் பார்த்து வந்திருக்கிறது என்பது என் கட்சி. ஒருத்தி தாய். இன்னொருத்தி தாசி. முதலாமவளைப் பார்ப்பது அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காக; இரண்டாமவளைப் பார்ப்பது அவளிடம் போகிற ஆண்களுக்காக. இரண்டிலும் அவளுக்காக அவளைப் பார்த்தது மிகக் குறைவு.

தாசி கதையை முதலில் சொல்கிறேன். வெள்ளைக்காரன் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு மேகவியாதி பரவியபோது, 1805 முதலே சென்னை மாகாணத்தில் அதற்கென்று ஆஸ்பத்திரிகள் ஏற்பட்டன. ஆஸ்பத்திரி என்பது மரியாதைக்கு; நடத்தப்பட்ட விதத்தில் அவை சிறைகள். 1868-ல் சட்டமே போட்டார்கள். விலைமகளிர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் வந்து உடம்பைக் காட்ட வேண்டும், வியாதி இருந்தால் பூட்டி வைக்கலாம். சிப்பாயை அப்படி யாரும் வரிசையில் நிறுத்தவில்லை. அவனுக்கு மானம் இருக்கிறதாம். 1888-ல்தான் அந்தச் சட்டம் ரத்தாயிற்று.

சட்டம் ரத்தானாலும் மனசு ரத்தாகவில்லை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி வந்துவிட்டது என்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். கையுறைகூட இல்லாமல், ரத்தக் குப்பிகளை வீட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்த அந்த இளம் டாக்டரின் தைரியத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த ரத்தம் யாருடையது? காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களுடையது. கண்டுபிடித்ததும் அடுத்து வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கிருமி இருந்த பெண்களை வெளியே விடாமல் காப்பகத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் படியேறித்தான் 1990-ல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்களுக்குக் கிருமியைக் கொண்டு வந்தவர்களும் அவர்களிடமிருந்து கொண்டு போனவர்களும் இதற்குள் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வீட்டில் யார் இருந்தாள்? மனைவி. அவள் ஆராய்ச்சியாளர் கண்ணில் பட இன்னும் பல வருஷங்கள் வேண்டியிருந்தன. சென்னையில் கிருமி கண்ட 134 பெண்களை விசாரித்து 2000-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 88 பேர் வாழ்நாளில் ஒரே ஆணைத்தான் அறிந்தவர்கள். கற்பு காப்பாற்றும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோமே, அந்தக் கற்பை மீறாதவர்கள். எச்சரிக்கைச் சுவரொட்டியெல்லாம் தாசியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, வியாதி சம்சாரியின் பாயில் வந்து படுத்துக்கொண்டது.

ஆராய்ச்சிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஒரு நாள் நான் எழுதிய நாவல்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். இதுவரை பதினொரு பெண்களைச் சாகடித்திருக்கிறேன். பிரசவத்தில் நால்வர், கிணற்றில் மூவர், க்ஷயரோகத்தில் இருவர். க்ஷயம் கதைக்குத் தோதான வியாதி, கன்னம் சிவக்கும், கண் பளபளக்கும், கடைசிவரை பேச முடியும். ஒருத்தி தாசி, அவளுக்கு மட்டும் 'சொல்லத் தகாத வியாதி' கொடுத்திருக்கிறேன். பாக்கி ஒருத்தி ஏக்கத்தில் செத்தாள். என்ன ஏக்கமோ, எழுதிய எனக்கே தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் ரத்தம் படுகிற ஒரு தக்காளிக் கூலிக்காரி என் கதைகளில் எங்கேயும் இல்லை. நானும் நாற்பத்தொன்பதோடு நிறுத்தியவன்தான். உண்மையைச் சொன்னால் என் கதாநாயகிகளை இருபத்தெட்டோடு நிறுத்தியிருக்கிறேன்.

கேட்டவர்களும் இருக்கிறார்கள். மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி காட்டுப் பிரதேசத்தில் ராணி பாங், அபய் பாங் என்ற டாக்டர் தம்பதிகள் இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். குமரி முதல் கிழவிவரை 650 பெண்களை, ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வரட்டும் என்று காத்திராமல், ஊரிலேயே கேட்டு, பரிசோதித்தார்கள். 1989-ல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 92 பேருக்குக் கர்ப்பப்பை சம்பந்தமான வியாதியோ பால்வினை வியாதியோ இருந்தது. ஒருத்திக்குச் சராசரி மூன்றரை வியாதிக்கு மேல். அதற்கு முன் அந்த உறுப்பை டாக்டரிடம் காட்டியிருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். உலகத்துப் பெரிய பெரிய நிபுணர்கள் திடுக்கிட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இருப்பது அவர்கள் திடுக்கிட்டதுதான். எந்தத் தண்ணீர்க் குழாயடியில் போய்க் கேட்டிருந்தாலும் இது தெரிந்திருக்குமே! செங்கல்பட்டுப் பக்கத்தில் 'ருவ்செக்' என்ற பெண்கள் சங்கம் இருக்கிறது. சேரிப் பெண்களே சேர்ந்து 1981-ல் அமைத்தது. கர்ப்பப்பை கீழே இறங்கிய நிலையிலும் அதை உள்ளே தள்ளிக்கொண்டு நாற்று நட்ட பெண்களின் வாய்மொழியை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இனி எங்கள் ஊருக்கு மிக அருகே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் பற்றி இன்றைக்கும் என்னால் ஒரு பக்கமாகப் பேச முடியவில்லை.

பரவையிலிருந்து அந்த லாரிகள் வருகிற ரஸ்தாவில் வடக்கே போனால் ஒரு மணிக்கூறில் திண்டுக்கல். அந்த ஜில்லாவில் 2000-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. பிரான்ஸிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்தியது. சோதனை மிகவும் எளிது. நம் வீட்டு ஊறுகாயில் ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, அதே அமிலம், நூற்றுக்கு நான்கு பங்கு. அதைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால், கடுங்குளிர் கருவியால் அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். காசும் அதிகமில்லை. எவ்வளவு நல்ல காரியம்!

ஆனால் இதை 'நிரூபிக்க' வேண்டுமே. அதற்காக ஜில்லாவை 114 பகுதிகளாக்கி, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பாதியாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57 பகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு 'வழக்கமான கவனிப்பு'. வழக்கமான கவனிப்பு என்றால் என்ன என்று எதிர்ச் சந்து அம்மாளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். ஏழு வருஷம் போய் 2007-ல் கணக்குப் போட்டார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 83 பேர் அந்தப் புற்றுநோயால் செத்திருந்தார்கள். அழைக்கப்படாத 30,958 பேரில் 92 பேர். வினிகர் உயிரைக் காப்பாற்றும், மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறையும் என்பது நிரூபணமாயிற்று.

இதை நடத்தியவர்கள் ஈவிரக்கமற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அழைக்கப்பட்ட பகுதிகளில் பிழைத்தவர்கள் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். அதற்கு அந்த டாக்டர்களும் நர்ஸுகளும்தான் காரணம். நிரூபணம் இல்லாவிட்டால் எந்த சர்க்காரும் காசு கொடுக்காது என்பார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வியாதியை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்கலாம் என்பது 1940-களிலேயே பாப்பனிக்கோலா என்ற டாக்டர் காட்டிய வழி. பணக்கார நாட்டுப் பெண்கள் பல பத்து வருஷங்களாக அந்தப் பலனை அனுபவித்து வந்தார்கள். பிரான்ஸில் ஒரு ஜில்லாவைப் பாதியாக வெட்டி, ஒரு பாதிக்கு ஒன்றும் செய்யாமல் ஏழு வருஷம் சாவை எண்ண விடுவார்களா? விடமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அங்கே ஒன்றும் செய்யாமலிருப்பது குற்றம். இங்கே அதற்குப் பெயர் 'வழக்கம்'. வெளிநாட்டு டாக்டர்களிலேயே சிலர் இதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சரி, அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரும் உயிரைக் கொடுத்து நிரூபித்தாயிற்று. பிறகாவது வேகமாக நடந்ததா? 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் இந்தச் சோதனை ஒரு தடவையாவது நடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இதில் இந்தியாவிலேயே முதலிடம் நமக்குத்தான். தேசத்துச் சராசரி நூற்றுக்கு இரண்டு. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் கணக்கு அதில் இல்லை. ஏன் இல்லை என்று வாசகர்களுக்கு இப்போது தெரியும்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். ஜெர்மானியர் ஹரால்ட் ஸுர் ஹௌஸன் 1983-ல் அதன் முக்கியமான ஒரு வகையைக் கண்டுபிடித்தார். 2008-ல் நோபல் பரிசு பெற்றார். அது பரவுவது உடலுறவினால். ஆணும் பெண்ணும் சமமாகச் சுமப்பது. புற்றுநோயாக மாறுகிறபோது பெரும்பாலும் பெண்ணைத்தான் கொல்கிறது. தடுப்பூசி இருக்கிறது, நல்ல தடுப்பூசி. பெண் குழந்தைகளுக்குத் தயங்காமல் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். அந்த யோசனையை நம் ஊரில் சொல்லிப் பாருங்கள். "பையனுக்கு எதுக்கு?" என்பார்கள்.

பையனுக்கு எதற்கு என்ற இந்தக் கேள்விதான் ஆராய்ச்சிக்கூடத்திலும். கர்ப்பத் தடை மாத்திரையை 1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம் பரீட்சை பார்த்தார்கள். அந்த மாத்திரை இன்றைக்கு விற்பதைவிடப் பல மடங்கு வீரியமானது. நூற்றுக்குப் பதினேழு பேர் தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று சொன்னார்கள். அங்கே பொறுப்பிலிருந்த பெண் டாக்டர், இது தாங்காது என்று எழுதினார். அமெரிக்காவிலிருந்த பெரிய விஞ்ஞானி, அதெல்லாம் பெரும்பாலும் மனப்பிராந்தி என்றார். மாத்திரை கடைக்கு வந்தது. ஆண்களுக்கென்று ஓர் ஊசியை ஏழு நாடுகளில் 320 ஆண்களிடம் பரீட்சை பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மனச்சோர்வு முதலிய கோளாறுகள் வருகின்றன என்று 2011-ல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தப்பென்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதனின் மனச்சோர்வை மனச்சோர்வு என்றே எழுதிக்கொண்ட அந்த மரியாதையைக் கொஞ்சம் போர்ட்டோ ரிக்கோவுக்கும் அனுப்பியிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

ஒரு காலத்தில் நம் சென்னை ராஜ்யம் இதில் வழிகாட்டியாக இருந்தது. 1950-களின் பிற்பகுதியில், தலைமைச் செயலாளராக இருந்த ஆர். ஏ. கோபாலஸ்வாமியின் முயற்சியால், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ரொக்கம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள் வந்து செய்துகொண்டார்கள். ஆணுக்கு அது சின்ன ஆபரேஷன், பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் ஒரே வருஷத்தில் தேசம் முழுக்க 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தார்கள், பலரைப் பிடித்து இழுத்துப் போய். அது அக்கிரமம். ஆண்கள் பொறுக்கவில்லை, அந்தக் கோபமும் சேர்ந்து 1977-ல் டில்லி சர்க்காரைக் கவிழ்த்தது. அன்றிலிருந்து கத்தி பெண் பக்கம் திரும்பிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு மனைவியருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கணவருக்குச் செய்தது ஆயிரத்துக்கு ஒன்று. 2014-ல் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். அங்கங்கே நடந்த அந்த முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். சுப்ரீம் கோர்ட் 2016-ல் முகாம்களையே நிறுத்தச் சொன்னது. ஆட்சி எதுவும் கவிழவில்லை.

இதையெல்லாம் குடும்பப் பெண்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதலாமா என்று கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். 'வெள்ளைப்படுதல்' என்ற சொல்லை அச்சில் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பார்கள். கொலையையும் கள்ளக் காதலையும் இதே பக்கங்களில் வாரா வாரம் எழுதிச் சன்மானம் வாங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. குடும்பப் பெண்ணுக்கு வருகிற வியாதியைக் குடும்பப் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

நான் கேட்பது சின்ன விஷயம். கணக்கெடுக்க வருகிறவர்கள் ஐம்பதைத் தாண்டியவளையும் உட்கார வைத்து, "உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்கட்டும். அவளிடம் கேட்கிற அத்தனை கேள்விகளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷனிடமும் கேட்கட்டும். படிவம் இரண்டு பக்கம் கூடும்.

எதிர்ச் சந்து அம்மாளை மறு நாளே என் மனைவி ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். வியாதி மூன்றாம் கட்டம் என்றார்கள். கரண்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள், கடைசி இரண்டு மாதம் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அவள் பிறந்த ஊர் திண்டுக்கல் ஜில்லா. அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டிருந்தால் சீட்டு எந்தப் பாதியில் விழுந்திருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் நானும் உடன் போயிருந்தேன். உள்ளே நாலைந்து மாணவர்கள் சூழ நிற்க, எத்தனை வயதில் கல்யாணம், எத்தனை பிரசவம், எத்தனை கலைந்தது, புருஷனைத் தவிர வேறு யாருடனாவது உண்டா என்றெல்லாம் அவளைக் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். என் மனைவி வெளியே வந்து சொல்லி அழுதாள். அவள் கணவர் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷம் பம்பாய்க்கும் பூனாவுக்கும் லாரி ஓட்டியவர். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. வெளியேயும் எதுவும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு வாசலில் இருந்த கடைக்குப் போய் இரண்டு பேருமாக டீ குடித்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று, "எப்போதிலிருந்து இப்படி?" என்றேன்.

"அது பொம்பளைக வியாதி சார். நமக்கென்ன தெரியும்?" என்றார்.

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.